இன்டீரியர் துறைக்கு உதவிப் பேராசிரியர்: மூன்று பேரில் யாரை எடுப்பது?

கேள்வி: வணக்கம் சார். கோவைப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், இன்டீரியர் ஆர்க்கிடெக்சர் துறைக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தலைவரானேன். 4 ஆண்டு பி.டெஸ். (வடிவமைப்புப் பட்டம்) படிப்பு. என்னையும் சேர்த்து ஆசிரியர்கள் ஐந்து பேர், எல்லோரும் பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டம்) படித்தவர்கள், நான்கு பேர் ஒரே கல்லூரி. இப்போது ஓர் உதவிப் பேராசிரியரை எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது. வந்த விண்ணப்பங்களில் மூன்றை எடுத்து வைத்திருக்கிறேன். முதலாமவர் பெயர் பெற்ற கல்லூரியில் எம்.ஆர்க். முடித்தவர், போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) கண்ணைப் பறிக்கிறது. இரண்டாமவர் மகளிர் கல்லூரியில், ஹோம் சயின்ஸ் துறையில் இன்டீரியர் படித்து எம்.எஸ்சி. முடித்தவர், ஆறு வருடம் வேலை நடக்கும் சைட்டில் இருந்திருக்கிறார், நெட் (உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி இல்லை. மூன்றாமவர் எம்.டெஸ்., பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருக்கிறார், நான்கு ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. டீன் மூன்றாமவரைத்தான் எடுக்கச் சொல்கிறார். நிர்வாகமோ ஆளுக்குப் பத்து நிமிட டெமோ, பத்து நிமிடக் கேள்வி என்று ஒரே காலையில் முடிக்கச் சொல்கிறது. நான் இதுவரை யாரையும் வேலைக்கு எடுத்ததில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது? எங்கள் மரப் பட்டறை வேறு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, நடத்த ஆள் இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பட்டறை பூட்டிக் கிடக்கிறது என்று, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். மூன்று பேரில் யார் என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் உங்கள் துறையில் எது இல்லை என்று பார்க்க வேண்டும். ஐந்து பேர் இருக்கிறீர்கள், ஐந்து பேரும் பி.ஆர்க். பிளான் போடச் சொல்லித் தருவீர்கள், கட்டடக்கலை வரலாறு நடத்துவீர்கள், மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரியில் நன்றாகப் பேசுவீர்கள். ஆனால் ஒரு பிளைவுட் பலகையை மாணவர் முன்னால் அறுத்து, அதன் ஓரத்தைக் காட்டி, இது பொது உபயோகத்துக்கான ஐ.எஸ். 303 வகை, இது தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 வகை, சிங்க்குக்கு அடியில் முதலாவதைப் போட்டால் ஒரு மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று சொல்ல உங்களிடம் ஆள் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பூட்டு தொங்காது. ஆகவே நீங்கள் தேடுவது ‘சிறந்த ஆள்’ இல்லை, ‘இல்லாத ஆள்’. இந்த ஒரு வரியைத் தாளில் எழுதி, தேர்வுக் குழுவில் உட்காருகிற எல்லோர் கையிலும் கொடுங்கள். இது இல்லாமல் போனால் குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் தன்னைப் போன்ற ஒருவரையே தேர்ந்தெடுப்பார்கள். மனித இயல்பு அது, யாரையும் குறை சொல்ல முடியாது. உங்கள் துறையில் நான்கு பேர் ஒரே கல்லூரியாக அமைந்தது அப்படித்தான் இருக்கும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். முதன்முதலாக நான் ஆள் எடுத்தபோது செய்த தவறு இது. கல்லூரியின் பெயர் வேண்டாம். ஓர் இளைஞர் வந்தார். அவர் போர்ட்ஃபோலியோவைப் புரட்டியதும் குழுவில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ரெண்டர் (கம்ப்யூட்டரில் செய்த படம்) ஒவ்வொன்றும் பத்திரிகை அட்டை மாதிரி. டெமோ வகுப்பும் பிரமாதம், மாணவர்கள் கை தட்டினார்கள். அன்று மாலையே ஆர்டர் கொடுத்துவிட்டோம். ஆறு மாதம் கழித்து செமஸ்டர் ஜூரியில் போய் உட்கார்ந்தால், சுவரில் பதினெட்டு பேரின் ஷீட். எல்லாம் ஒரே கை வரைந்த மாதிரி இருந்தது. உண்மையில் ஒரே கைதான். மாணவர் பட்டர் பேப்பரில் எதையாவது கொண்டுவந்தால் அவர் பேனாவை எடுத்து மேலேயே வரைந்து கொடுத்திருக்கிறார். மாணவர்கள் அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் ஷீட்டில் ஃபால்ஸ் சீலிங் ஜன்னலின் மேல் விளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ‘இந்த ஜன்னலை எப்படிம்மா திறப்பே?’ என்று கேட்டேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தன் ஆசிரியரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றுவரை நான் மறக்கவில்லை. படத்தில் அவள் போட்ட கோடு ஒன்றுகூட இல்லை, பிறகு பதில் மட்டும் எங்கிருந்து வரும்? அந்த இளைஞர் கெட்டவர் இல்லை, சோம்பேறியும் இல்லை. நல்ல டிசைனர். டிசைனர் வேலைக்கு வைக்கும் பரீட்சையை வைத்து ஆசிரியரை எடுத்தது எங்கள் பிழை.

ஆகவே பத்து நிமிட டெமோவை நம்பாதீர்கள். அதில் பேச்சு தெரியும், பவர்பாயின்ட் தெரியும். இன்டீரியர் ஸ்டுடியோவில் ஆசிரியர் நாள் முழுக்க மேடையில் நின்று பேசுவதில்லை. மாணவரின் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரைகுறையாக நிற்கும் ஒரு படத்தைப் பற்றிப் பேசுகிறார். அதுதான் அந்த வேலை. அதைத்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? மூன்று பேரையும் ஸ்டுடியோ நடக்கிற ஒரு நாளில் வரவழையுங்கள். சனிக்கிழமை வேண்டாம், மாணவர்கள் இருக்க மாட்டார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்: ஒருவர் நன்றாகச் செய்கிறவர், ஒருவர் நடுவில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்பவர், மூன்றாமவர் வாயே திறக்காதவர். விண்ணப்பதாரர் ஒவ்வொருவரும் இந்த மூன்று மாணவரிடமும் தலா இருபது நிமிடம் உட்காரட்டும். நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். குழுவினர் மேசையைச் சுற்றி நின்றால் மாணவர் பயந்துவிடுவார், ஆகவே இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் விண்ணப்பதாரர் பேசியதை மறந்துவிட்டு மாணவரிடம் மட்டும் கேளுங்கள்: ‘இப்போ அடுத்து என்ன செய்யப் போறே?’ மாணவருக்குப் பதில் தெரிந்தால் அந்த ஆசிரியர் வேலை செய்திருக்கிறார். ‘சார் சூப்பரா சொன்னாங்க’ என்று மட்டும் வந்தால் யோசியுங்கள்.

இந்த முறைக்கு நான் மாறிய பிறகு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சின்ன ஊர்க் கல்லூரிப் படிப்பு, போர்ட்ஃபோலியோ சுமார்தான். மாணவர் ஒருவர் தன் சொந்த வீட்டுச் சமையலறையைத் திருத்தி வரைந்து வைத்திருந்தார். 8 அடிக்கு 10 அடி அறை, மேடை உயரம் 850 மி.மீ., எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. விண்ணப்பித்த அந்தப் பெண் படத்தைத் தொடவே இல்லை. ‘வீட்ல யார் சமைக்கிறாங்க?’ என்று கேட்டார். பாட்டி என்றான். பாட்டி எவ்வளவு உயரம் என்றார். தெரியவில்லை. போன் போடச் சொன்னார். வீட்டில் யாரோ அளந்து சொன்னார்கள், 4 அடி 9 அங்குலம். உடனே அவர் சாக்பீஸை எடுத்து ஸ்டுடியோ சுவரில் அந்த உயரத்துக்கு ஒரு கோடு போட்டார், மேடை உயரத்துக்கு ஒரு கோடு, மேடை மேல் கிரைண்டரை வைத்தால் அதன் வாய் எங்கே வரும் என்று மூன்றாவது கோடு. மூன்றாவது கோடு பாட்டியின் தோளுக்கு மேலே போய்விட்டது. ‘இப்போ பாட்டி எப்படிப்பா மாவை வழிப்பாங்க?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பையன் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தான். அப்புறம் கிரைண்டருக்கு மட்டும் தனியாகத் தாழ்வான மேடை ஒன்று போடலாம் என்று அவனே சொன்னான். ‘சரி, கிரைண்டர் கழுவற தண்ணி எங்க போகும்?’ என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்தப் பையன் மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை. அவரைத்தான் எடுத்தோம். பல வருடம் ஆகிவிட்டது, அவரிடம் படித்தவர்கள் இன்றும் கையில் இன்ச் டேப் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை.

விதிமுறை இதற்கு இடம் கொடுக்குமா என்று நிர்வாகம் கேட்கும். தாராளமாகக் கொடுக்கிறது. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைகளில் உதவிப் பேராசிரியர் பதவிக்குப் பட்டம், கட்டுரை, அனுபவம் ஆகியவற்றுக்கான மதிப்பெண் பட்டியல் உண்டு. ஆனால் அந்த மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டும்தான்; தேர்வு நேர்காணலில் எப்படிச் செய்கிறார் என்பதை வைத்துத்தான் என்று அதே விதியில் தெளிவாக எழுதியிருக்கிறது. கற்பிக்கும் திறனை வகுப்பறைச் சூழலில் சோதிக்கலாம் என்றும் இருக்கிறது. டீனிடம் இந்த இரண்டையும் காட்டுங்கள். இன்னொன்று, தேர்வுக் குழு கூடும்போது குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும், அதில் இரண்டு பேர் வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்கள். அந்த இருவர் யார் என்று யோசனை சொல்வதில்தான் உங்கள் சாமர்த்தியம் இருக்கிறது. இரண்டு பேரும் கட்டடக்கலைப் பேராசிரியர்களாக வேண்டாம். ஒருவராவது இன்டீரியரிலேயே ஊறியவராக, வல்லுநராக உட்காரும் தகுதியும் உள்ளவராக இருக்கட்டும். முடிந்தால், மதிப்பெண் போடும் உரிமை இல்லாமல், உங்கள் கேம்பஸ் வேலைகளைப் பார்க்கும் ஆசாரி ஒருவரையும் அன்று ஸ்டுடியோவில் நிற்கச் சொல்லுங்கள். அவரிடம் விண்ணப்பதாரர் எப்படிப் பேசுகிறார் என்பதை நான் கவனமாகப் பார்ப்பேன். ‘வாப்பா போப்பா’ என்று பேசுகிறவரை, எவ்வளவு படித்திருந்தாலும், நான் எடுப்பதில்லை. மாணவர்கள் அதையும் சேர்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள்.

போர்ட்ஃபோலியோவைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெண்டர்களை ஒதுக்கி வைத்துவிட்டு வொர்க்கிங் டிராயிங் (அளவுகளோடு வேலைக்குக் கொடுக்கும் வரைபடம்) கேளுங்கள். வேலை பாதியில் நிற்கும் சைட் போட்டோ கேளுங்கள். ‘இதில் நீங்கள் போட்ட கோடு எது, ஆபீஸ் போட்டது எது?’ என்று கேளுங்கள். நேர்மையானவர் உடனே பிரித்துச் சொல்வார். பிறகு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஒரு அலமாரியின் குறுக்குவெட்டைக் கையால் வரையச் சொல்லி, ஆழம் ஏன் 600 மி.மீ. என்று கேளுங்கள். சட்டை, புடவை மாட்டும் ஹேங்கரின் அகலத்தை ஒருவர் சொல்வார். சரியான பதில்தான். இன்னொருவர் அதோடு நிற்காமல், 8க்கு 4 பிளைவுட்டின் அகலம் 1220 மி.மீ., அதில் ரம்பம் தின்னும் அளவு போக இரண்டு 600 கிடைக்கும், 650 என்று போட்டால் ஒன்றுதான் கிடைக்கும், மீதி 570க்குக் கொஞ்சம் குறைவாகத் துண்டாக நிற்கும், அதற்கும் சேர்த்து வீட்டுக்காரர்தான் காசு கொடுக்கிறார் என்பார். உடம்பையும் பலகையையும் ஒன்றாக யோசிக்கிற இந்த மூளைதான் இன்டீரியர் வகுப்புக்கு வேண்டும்.

கட்டடக்கலைப் பக்கமும் பலவீனமாக இருக்கக் கூடாது, ஏனென்றால் உங்கள் துறையின் பெயரிலேயே ஆர்க்கிடெக்சர் இருக்கிறது. அதைச் சோதிக்க நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி சென்னை ஓமந்தூரார் தோட்டக் கட்டடம் பற்றியது. 2010இல் சட்டமன்றமும் தலைமைச் செயலகமுமாகத் திறக்கப்பட்டது, 2014இல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. அரசியலை விட்டுவிடுங்கள். அதிகாரிகள் கோப்புடன் நடந்த தாழ்வாரத்தில் இனி நோயாளியைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போக வேண்டும். கதவு அகலம் என்ன ஆகும், லிஃப்ட் போதுமா, ஒவ்வொரு தளத்திலும் புதிதாக வரும் கழிப்பறைகளின் குழாய் எந்த வழியாக இறங்கும், ஆக்சிஜன் லைன் எங்கே ஓடும், பார்க்க வந்தவர் எங்கே உட்கார்ந்து அழுவார்? வெளிக்கூடு அப்படியே இருக்க, உள்ளே வாழ்க்கை முழுதாக மாறும்போது செய்ய வேண்டியதெல்லாம்தான் இன்டீரியர் ஆர்க்கிடெக்சர் என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன். கலர், கர்ட்டன், சோபா எல்லாம் அதற்கு அப்புறம். விண்ணப்பதாரர் இந்தக் கட்டடத்துக்குள் போனதே இல்லை என்றாலும் பரவாயில்லை. எந்தக் கேள்வியை முதலில் எழுப்புகிறார் என்று பாருங்கள்.

இன்னொரு கேள்வியையும் அவசியம் கேளுங்கள். ‘உங்கள் மாணவர் நான்காம் ஆண்டில் வந்து, இந்தப் படிப்பை முடித்தால் நான் ஆர்க்கிடெக்ட்தானே மேடம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?’ 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவு தடுப்பது பட்டப்பெயரைத்தான், தொழிலை இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆக, பி.டெஸ். முடித்தவர் உள்ளரங்க வேலை செய்யத் தடையில்லை, ஆனால் பெயருக்கு முன்னால் ஆர்க்கிடெக்ட் என்று போட முடியாது. இதைப் பூசி மெழுகாமல், மாணவர் மனம் ஒடிந்துபோகாமலும் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். அட்மிஷன் சமயத்தில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். நாம் அங்கே பொய் சொன்னால் நான்கு வருடம் கழித்து அந்தப் பிள்ளை நம் முன்னால் வந்து நிற்கும்.

கேட்கவே கூடாத கேள்வியும் உண்டு. ‘கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை இருக்கா? வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கிறார்?’ குழுவில் யாராவது ஒரு பெரியவர் அன்பாகவே கேட்டுவிடுவார். பெண் விண்ணப்பதாரருக்கு அது வயிற்றைக் கலக்கும். சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு அவருக்கு உரிமை. அதை மனதில் வைத்து ஆள் எடுப்பது அநியாயம். கூட்டம் தொடங்கும் முன்பே ‘இந்தக் கேள்விகள் வேண்டாம்’ என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். நீங்கள் வயதில் இளையவர், சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள்.

சம்பளத்துக்கு வருவோம். யு.ஜி.சி. ஊதிய அளவில் உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே மாதம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. தனியாரில் பல இடங்களில் அவ்வளவு கொடுப்பதில்லை என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எவ்வளவு கொடுக்கப் போகிறீர்களோ அதை நேர்காணலுக்கு அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஆளை வரவழைத்து, பாராட்டி, கடைசியில் தொகையைச் சொல்லிக் கையைப் பிசைய வைப்பது மரியாதை இல்லை. வேலை நேரத்தையும் அப்படியே சொல்லுங்கள். 2018 விதிகளில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. நம் ஊர்க் கல்லூரிகளில் அதற்கு மேல் நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) ஃபைல், பள்ளி பள்ளியாக அட்மிஷனுக்குப் போவது, கல்லூரி விழாவுக்கு மேடை அலங்காரம் எல்லாம் இன்டீரியர் துறையின் ஜூனியர் தலையில்தான் விழும். மேடை அலங்காரம் விழாமல் தடுப்பது உங்கள் பொறுப்பு. மற்றவற்றில் எது உண்டோ அதைச் சொல்லிவிட்டு எடுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், இந்த ஒருவர் விஷயத்திலாவது ரெஜிஸ்ட்ராரிடம் பேசி நிறுத்தப் பாருங்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. புது ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு நாள் வெளியே சைட்டுக்குப் போக அனுமதி. இன்டீரியரில் பொருள்கள் வேகமாக மாறுகின்றன. மூன்று வருடம் சைட்டை மிதிக்காத ஆசிரியர் பழைய கேட்லாக்கைத்தான் நடத்துவார். நிர்வாகம் தயங்கினால், அந்த ஒரு நாளில் இரண்டு மாணவரையும் கூட்டிக்கொண்டு போவார் என்று எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

இனி உங்கள் மூன்று பேர். பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது தவறு, ஆனாலும் என் மனம் எங்கே சாய்கிறது என்று மறைக்க விரும்பவில்லை.

மூன்றாமவரை டீன் விரும்புவதில் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் தரவரிசையில் கட்டுரைகளுக்கு எடை உண்டு, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரோடு மோதாதீர்கள். மூன்றாமவரின் நான்கு கட்டுரைகளில் ஒன்றை நீங்கள் படித்துவிட்டு, அதை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருக்குத் தமிழில் ஐந்து நிமிடம் விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடிந்தால் அவர் உண்மையிலேயே ஆராய்ச்சிக்காரர். அப்புறம் இரண்டாமவரும் மூன்று வருடத்தில் கட்டுரை எழுத முடியும் என்பதை டீனுக்குக் காட்டுங்கள். விஷயம் உங்கள் வாசலிலேயே கிடக்கிறது. கோவையில் மூடிக் கிடக்கும் பஞ்சாலைகள் எத்தனை! ரம்பப் பல் மாதிரிக் கூரை, வடக்கு வெளிச்சம் இறங்கும் நீளக் கூடங்கள். நான்கைந்து மணி நேரப் பயணத்தில் செட்டிநாடு. அத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ண சிமென்ட்டை ஊற்றித் தரைக்கல் வார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அளந்து, வரைந்து, வேலை செய்கிறவரிடம் கேட்டு எழுதினாலே அது ஆராய்ச்சி.

முதலாமவரை ஸ்டுடியோ நாளில் கூர்ந்து பாருங்கள். அழகான போர்ட்ஃபோலியோ குற்றமில்லை. என் பழைய தவறை வைத்து அவரை நீங்கள் சந்தேகிக்கக் கூடாது. மாணவரின் படத்தின் மேல் அவர் பேனா போகிறதா, இல்லை மாணவரின் கையிலேயே பேனாவைக் கொடுக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். ஆனால் அவரை எடுத்தால் ஆறு பேரும் கட்டடக்கலை என்றாகிவிடும், பட்டறைச் சாவி ஆணியிலேயே தொங்கும்.

இரண்டாமவர் பக்கம்தான் நான் சாய்கிறேன். ஆறு வருட சைட் என்றால் ஆசாரியோடும் பெயின்டரோடும் வீட்டுக்கார அம்மாவோடும் ஆறு வருடம் பேசியிருக்கிறார். ஹோம் சயின்ஸ் என்றால் நம் கட்டடக்கலைக்காரர்களில் சிலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. அது அறியாமை. வீட்டு வேலையில் உடம்பு எங்கே வலிக்கிறது, எட்டி எடுக்கும் உயரம் எவ்வளவு, ஒரு நாளில் சமையலறைக்குள் எத்தனை நடை என்பதையெல்லாம் அந்தத் துறை பாடமாகவே வைத்திருக்கிறது. ஆனால் நெட் விஷயத்தை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தாண்ட முடியாது. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், அல்லது மாநில அளவில் நடக்கும் செட், ஸ்லெட் தேர்ச்சிதான் குறைந்தபட்சத் தகுதி என்று யு.ஜி.சி. திருத்தியிருக்கிறது. நெட் நடத்தப்படாத பாடங்களுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் ஹோம் சயின்ஸுக்கு நெட் நடக்கிறது, ஆகவே அவருக்கு அந்த விலக்கு பொருந்தும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ரெஜிஸ்ட்ராரிடம் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். இல்லை என்று வந்தால், அவரை வரவழைப்பதற்கு முன்பே போனில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்: ‘இப்போது உதவிப் பேராசிரியர் பதவி கொடுக்க முடியாது, விதி இடம் கொடுத்தால் வருகைதரு ஆசிரியராக ஒரு வருடம் வரலாம், ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு தடவை நெட் நடக்கிறது, படிக்க நேரம் ஒதுக்கித் தருகிறோம்.’ வருவதும் வராததும் அவர் விருப்பம். ஆனால் அந்த இடத்தை அவர் நெட் எழுதும்வரை காலியாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லாத விஷயம்.

அதே சமயம், பதவிக்கு ஒருவர் பெயரைக் காட்டிவிட்டு வகுப்புக்கு இன்னொருவரை அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த அறையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 2024இல் பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகளில் முழுநேர ஊழியராகக் காட்டிய விவகாரம் வெளியே வந்து எவ்வளவு நாறியது என்று பார்த்தோம். நீங்கள் புதுத் துறைத் தலைவர், கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

ஒருவேளை இரண்டாமவர் வர முடியாமல் போனால், மற்ற இருவரில் யார் பட்டறைக்குள் வரத் தயார் என்று நேராகக் கேளுங்கள். தெரியாது, ஆனால் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்கிறவரை எடுங்கள். உங்கள் ஊரில் நல்ல ஆசாரிகளுக்குப் பஞ்சமில்லை. வாரம் இரண்டு மதியம் ஒருவரைக் கூலி கொடுத்து வரவழைத்து, புது ஆசிரியரையும் முதலாண்டு மாணவர்களையும் ஒன்றாக உட்கார வைக்கலாம். ஒரு முக்காலி செய்யக் கற்றுக்கொள்ளட்டும். முக்காலி ஆடினால் ஏன் ஆடுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

தேர்ந்தெடுக்கப்படாதவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் நீங்களே போன் செய்யுங்கள். ஒரு மணி நேரம் உங்கள் மாணவர்களோடு உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள். மின்னஞ்சலில் ஒற்றை வரி போதாது.

கடைசியாக, யார் வந்தாலும் முதல் செமஸ்டரில் ஒரே ஒரு ஸ்டுடியோவும் ஒரு பட்டறை வகுப்பும் மட்டும் கொடுங்கள். பட்டறையைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த இடம், வயரிங்கை எலி கடித்திருக்கும், எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்திங் பார்க்கச் சொல்லுங்கள். வட்ட ரம்பத்தின் மேல் மூடி இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மூடி இல்லை என்றால் அதை வாங்கிப் பொருத்தும்வரை ரம்பத்தின் பிளக்கைக் கழற்றி உங்கள் மேசை டிராயரிலேயே வைத்திருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கட்டடக்கலைப் பேராசிரியர் ஒருவர்